சுந்தரபாண்டி அண்ணாச்சியின் முந்நூற்று எண்பது பெட்டிகள்

எங்கள் ஊரில் இன்டர்நெட் நின்றுபோனால் யாரும் கம்பெனிக்குப் போன் செய்வதில்லை. கம்பெனி எண்ணை அழைத்தால் ஒரு பெண் குரல் ஒன்றை அமுக்கச் சொல்லும், பிறகு நான்கை அமுக்கச் சொல்லும், கடைசியில் உங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வரும். நெட் வராது. சுந்தரபாண்டி அண்ணாச்சியை அழைத்தால் முதலில் திட்டுவார், பிறகு ஆள் வந்து நிற்பார். இந்த இரண்டில் எது சேவை என்று தென்காசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்திரண்டு. பாவூர்சத்திரம் பக்கம் நெல் போடுகிற குடும்பம். வயலில் இறங்கினால் காலில் சேறு ஒட்டுகிறது என்று இவர் மட்டும் கேபிள் டிவிக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சேற்றுக்குப் பயந்தவர் அடுத்த இருபது வருஷம் தென்னை மரத்திலும் மொட்டை மாடியிலும் வயரைப் பல்லில் கடித்துக்கொண்டு தொங்கினார். கேபிள் டிவி படுத்தது, ஃபைபர் வந்தது. இவர் வயரை மட்டும் மாற்றிக்கொண்டு அதே வீடுகளுக்குத் திரும்பப் போனார். இப்போது ஒரு பிராட்பேண்ட் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட். தென்காசியின் பழைய தெருக்கள், மேலகரம், குற்றாலத்து லாட்ஜுகள் என்று மொத்தம் முந்நூற்று எண்பது இணைப்புகள். லைன் கம்பெனியுடையது. ரவுட்டர் பெட்டியை வாங்கி மாட்டிப் பராமரிப்பது அண்ணாச்சி. பெட்டிகளை அவர் ‘எம் பொட்டி’ என்றுதான் சொல்லுவார்.

நான் சாருலதா. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குத் தென்காசி வீட்டில் உட்கார்ந்து ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை என்று தேடிச் சொல்வது என் வேலை. இந்த வேலை பார்க்கிறவர்களை யாருக்கும் பிடிக்காது. அண்ணாச்சிக்கும் பிடிக்காது. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குக் கேபிள் இழுத்தவர் என்பதால், முப்பத்துநாலு வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான்.

எங்களுக்குள் நடந்த சண்டை ரவுட்டரைப் பற்றியது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் ஓட்டை தெரியவந்தால் தயாரித்தவர்கள் அடைத்துப் புதியதை அனுப்புவார்கள். தானாகப் போட்டுக்கொள் என்று விட்டுவைத்தால், பெட்டி விடியற்காலை மூன்று மணிக்கு யாரையும் எழுப்பாமல் அதைப் போட்டுக்கொள்ளும். அண்ணாச்சி ஒவ்வொரு பெட்டியை மாட்டும்போதும் முதல் வேலையாக இந்த வசதியை அணைத்துவிடுவார். ஸ்க்ரூ முடுக்குவதுகூட அதற்குப் பிறகுதான்.

காரணம் இருந்தது. மூன்று சீசனுக்கு முன்னால் ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை. சாரல் நன்றாக இறங்கி, ஐந்தருவியில் தலையை நுழைக்க இடமில்லாத கூட்டம். காலை எட்டரை மணிக்கு முப்பத்தொரு லாட்ஜுகளின் ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் புதிய மென்பொருளைப் போட்டுக்கொண்டன. போட்டுக்கொண்டதோடு நிற்காமல், அண்ணாச்சி எழுதிவைத்த எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதுப் பெட்டியாகி உட்கார்ந்துகொண்டன. ரூம் காலி செய்கிறவர்கள் பணம் அனுப்ப முடியவில்லை. ரூம் எடுத்தவர்களுக்கு முன்பதிவு தெரியவில்லை. அண்ணாச்சி தலையில் ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு சாரலில் லாட்ஜ் லாட்ஜாக ஓடினார். எல்லாவற்றையும் சரி செய்து முடிக்க ஞாயிறு மாலை ஆயிற்று. காய்ச்சல் ஒரு வாரம்.

“எனக்குத் தெரியாம எம் பொட்டிக்குள்ள ஒருத்தன் கைய விடுதான்னா, அவம் கம்பெனிக்காரனா இருந்தா என்ன, களவாணியா இருந்தா என்ன பாப்பா?” என்று அப்போது கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் ஒத்துக்கொண்டேன்.

ஆனால் விடியற்காலை மூன்று மணி எப்படி எட்டரை ஆனது என்று ஒரு சந்தேகம். பெட்டியைத் திறந்து பார்த்தால் அதன் கடிகாரம் நம் ஊருக்கு ஐந்தரை மணி நேரம் பிந்திய கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“இதை நம்ம ஊர் நேரத்துக்கு நீங்க மாத்தவே இல்லையா அண்ணாச்சி?”

“பொட்டிக்கு எதுக்கு மணி தெரியணும்? அது என்ன ஆபீசுக்கா போவுது?”

இதுதான் அண்ணாச்சி. அவருக்கு எதிராக நீங்கள் ஒரு பாயிண்டைக் கண்டுபிடித்தால், அது பாயிண்டே இல்லை என்று ஆகிவிடும்.

அதற்காக அவர் பெட்டிகளை அப்படியே போட்டுவிடுகிறவர் என்று நினைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜையை ஒட்டி, முந்நூற்று எண்பது பெட்டிகளுக்கும் அவரே போய்ப் புதிய மென்பொருள் போடுவார். பத்து நாள் முன்பே ஆரம்பித்துவிடுவார். போன வீட்டில் பெட்டியை இறக்கி, உள்ளே குடியிருக்கும் எறும்பைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, லேப்டாப்பை மாட்டிப் புதியதை ஏற்றுவார். பச்சை விளக்கு நிலையாக எரிந்ததும் பெட்டியின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். சூடம் மட்டும் காட்டமாட்டார், பிளாஸ்டிக் உருகிவிடுமாம். வீட்டுக்காரர்கள் பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். அந்தப் பத்து நாளும் அவர் மனைவி ஸ்ரீதேவி அக்கா வீட்டில் ராத்திரிச் சமையலே செய்வதில்லை.

“வருசத்துக்கு ஒரு எண்ணெய்க் குளியலு போதும். தெனமும் தேச்சுக்கிட்டுக் கெடந்தா மனுசன் வழுக்கிலா விழுவான்” என்பார். குற்றாலத்தில் பிழைப்பவர் வேறு எப்படிச் சொல்லுவார்?

உண்மையைச் சொன்னால், இது மற்ற ஊர்களைவிட எவ்வளவோ மேல். எனக்குத் தெரிந்த பெங்களூர் அறிவாளிகள் பலர் வீட்டு ரவுட்டர், வாங்கிய நாளில் இருந்த மென்பொருளோடுதான் பரணில் கிடக்கிறது. அண்ணாச்சி வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்தார். ஆனால் கள்ளன் ஆயுத பூஜை பார்த்து வருவதில்லை. போன அக்டோபரில் எங்கள் வீட்டுப் பெட்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன்.

“ஒரு நாள் மட்டும் கதவைப் பூட்டிட்டு மிச்ச வருஷம் பூரா திறந்து போட்டா எப்படி அண்ணாச்சி? அதுவும் முந்நூத்தி எண்பது பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வச்சிருக்கீங்க.”

“வீட்டுக்கு ஒண்ணு வச்சா எனக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும்? நீ பெரிய டெஸ்டிங்கு. ஒன்ன மாதிரி நாலு பேரு டெஸ்டு பண்ணி அனுப்புனதுதான அன்னைக்கு முப்பத்தோரு லாட்ஜையும் கவுத்துச்சு? போவியா.”

நான் அந்த ரவுட்டர் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை. அவர்கள் செய்த குளறுபடிக்கு நான் எப்படிப் பொறுப்பு? எனக்கு வந்த கோபத்தில் அன்று சுண்டல்கூடக் கொடுக்கவில்லை. அதன் பிறகு தெருவில் பார்த்தால் அவர் கம்பத்தைப் பார்ப்பார், நான் செல்போனைப் பார்ப்பேன். ஒன்பது மாதம் இப்படி ஓடியது.

இந்த ஜூலையில் பாலம்மாக்கா லாட்ஜுக்குப் போலீஸ் வந்தது.

பாலம்மாக்காவுக்கு ஐந்தருவி போகிற ரோட்டில் எட்டு ரூம் உள்ள சின்ன லாட்ஜ். அந்தப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் சமையல் வேலை பார்த்து, அடுப்படியிலிருந்தே கணக்குப் போட்டுச் சொந்தமாக்கிக்கொண்ட இடம். ரிசப்ஷனில் அவருடைய ஒரே மகன் விஜய்பாண்டி. இருபத்தாறு வயது. மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்து, போலீஸ் சான்றிதழ் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அது கிடைத்தால் ஆகஸ்டில் விமானம்.

அக்கா காய்கறி வாங்கப் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகும்போது, மகன் மேசையில் தூங்குகிறானா என்று செல்போனிலேயே பார்க்க ஆசைப்பட்டார். அண்ணாச்சி கேமரா வைத்து, அதை வெளியிலிருந்து பார்க்க வசதியாக ரவுட்டரில் ஒரு வழி திறந்து, அந்த இணைப்புக்கு மாறாத இணைய முகவரி ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தார். அக்காவுக்குப் பரம சந்தோஷம். மகன் தூங்கித்தான் கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை சைபர் கிரைம் போலீஸ் இருவர் வந்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்குப் பார்சல் வந்திருக்கிறது என்று பொய்ச் செய்தி அனுப்பி, அவருடைய சேமிப்பை யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். அவருடைய வங்கிக் கணக்குக்குள் நுழைந்த கை, பாலம்மாக்கா லாட்ஜின் இன்டர்நெட் வழியாக நுழைந்திருந்தது. லாட்ஜில் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஆள் விஜய்பாண்டி ஒருவன்தான். அவனுடைய லேப்டாப்பையும் போனையும் எடுத்துக்கொண்டு, அன்று முதல் தினமும் காலை பத்து மணிக்குத் தென்காசி ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வேண்டும். சப் இன்ஸ்பெக்டர் இராமலட்சுமி, பாலம்மாக்காவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: வேறு ஆதாரம் வராவிட்டால் திங்கட்கிழமை அவன் பெயர் வழக்கில் ஏறிவிடும். ஏறினால் சான்றிதழ் இல்லை, மஸ்கட் இல்லை. பக்கத்து லாட்ஜுகளில் அதற்குள் விஜய்பாண்டியை ஒரு கும்பலுக்கே தலைவனாக்கி முடித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

“பாப்பா, பாலம்மாக்கா லாட்ஜுக்கு ஒரு எட்டு வந்து பாரேன். பொட்டியில என்னமோ இருக்கு. எனக்குப் பிடிபடல.”

‘எனக்குப் பிடிபடல’ என்று அவர் வாயிலிருந்து வந்ததே என்னைப் பயமுறுத்திவிட்டது. ஸ்கூட்டரை எடுத்தேன்.

லாட்ஜ் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் பெட்டி இருந்தது. நெற்றியில் போன வருஷச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. லேப்டாப்பை மாட்டி உள்ளே பார்த்தேன். யார் எப்போது வந்துபோனார்கள் என்கிற பட்டியல் பெட்டியின் தற்காலிக நினைவில் இருந்தது. எங்கிருந்தோ நான்கு முகவரிகள் ரொம்ப நாளாக உள்ளே வந்து, இந்த லாட்ஜ் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தன. கோயம்புத்தூர் வாத்தியாரின் கணக்கில் நுழைந்த தேதியும் நேரமும் அதில் அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் லாட்ஜிலிருந்த ஒரு கருவிகூட இணைப்பைத் தொடவில்லை.

“விஜய்பாண்டி செய்யலை அண்ணாச்சி. வெளியில இருந்து எவனோ இந்தப் பெட்டிக்குள்ள பூந்து, இதையே வழியா வச்சிருக்கான். போலீசுக்கு இந்த லாட்ஜ் முகவரிதான் தெரியும்.”

“எப்பிடிப் பூந்தான்?”

“மென்பொருள்ல ஓட்டை. நீங்க கேமராவுக்குத் திறந்த வழியில வந்து அந்த ஓட்டைக்குள்ள நுழைஞ்சிருக்கான். ரவுட்டர் கம்பெனி அதை அடைச்சு அனுப்பிட்டாங்க. இதுல ஏறலை.”

“எப்ப அனுப்புனாம்?”

“நவம்பர் மாசம்.”

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணவில்லை. ஆயுத பூஜை முடிந்து ஒரே மாதம். அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

நான் திரையைப் படம் எடுத்துக்கொண்டு இராமலட்சுமிக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். படம் போதாது, யார் வேண்டுமானாலும் உண்டாக்கலாம், பெட்டியையே எங்கள் தொழில்நுட்ப ஆள் பார்க்க வேண்டும் என்றார். சீசன் பந்தோபஸ்தில் எல்லா ஜீப்பும் மாட்டியிருப்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே ஆள் அனுப்ப முடியும், அதுவரை அணைக்காமல் வைத்திருங்கள் என்றும் சொன்னார். சரி என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது.

பெட்டிக்குக் கீழே அண்ணாச்சி மாட்டியிருந்த குட்டி யு.பி.எஸ். ஒன்று இருந்தது. அது இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குள் கரண்ட் வராவிட்டால் பெட்டி அணையும், பட்டியல் அழியும். விஜய்பாண்டியைக் காப்பாற்றுகிற ஒரே சாட்சி போய்விடும். லைன் மேல் மரம் விழுந்திருக்கிறது, சாயங்காலம் ஆகும் என்று ரோட்டில் யாரோ கத்திக்கொண்டு போனார்கள். லாட்ஜ் இன்வெர்ட்டர் போன மாதமே படுத்துவிட்டது. பக்கத்து லாட்ஜ் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் இழுக்க முடியுமா என்று பாலம்மாக்காவிடம் கேட்கக் கீழே இறங்கினேன்.

“அவனுவகிட்டயா? எம் மவன ஊரு பூரா களவாணின்னு சொல்லிக்கிட்டுத் திரியுதானுவ. அவனுவ வாசல்ல போயி நான் நிக்க மாட்டேன் தாயி” என்றார் அக்கா. கண் வீங்கியிருந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

திரும்ப மேலே ஏறினேன். அண்ணாச்சி பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பி வைத்திருந்தார். இன்னொரு கையில் குண்டூசி.

ரவுட்டரின் பின்பக்கம் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். ஊசியை விட்டு ஐந்து நொடி அமுக்கினால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். அந்தத் துளைக்கு நேரே ஊசி இருந்தது.

“அஞ்சு செகண்டு பாப்பா” என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “கம்பெனிக்காரங்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், பொட்டிய எல்லாம் புதுசாவே வச்சிருப்பேன்னு. இது வெளிய தெரிஞ்சா முந்நூத்தி எம்பது வீட்டையும் புடுங்கி வேற ஒருத்தங்கிட்ட குடுத்துருவான். எனக்கு வேற என்ன தெரியும்? இந்த வயசுல நான் எங்கன போவேன்?”

அவருக்காக மனசு சங்கடப்பட்டது. ஆனால் என் வாய் மனசைக் கேட்டு நடக்கிற வாய் இல்லை.

“அமுக்குங்க. அந்தப் பையன் மஸ்கட்டுக்குப் பதிலா பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போகட்டும். அங்கேயும் ரிசப்ஷன் இருக்கும்.”

அண்ணாச்சி ஊசியைச் சட்டைப் பட்டியில் குத்திக்கொண்டார்.

“ஒனக்கு வாயி ரொம்ப நீளம் பாப்பா. ஸ்கூட்டர எடு. அவனுவ இங்க வர வேண்டாம். நாம பொட்டிய உசுரோட அங்கன கொண்டுபோவோம்.”

ஃபைபர் வயரைக் கழற்றினார். யு.பி.எஸ்.ஸையும் ரவுட்டரையும் துண்டால் சேர்த்துக் கட்டி, ஜவுளிக்கடைக் கண்ணாடிப் பைக்குள் வைத்து, என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். மூன்று விளக்குகளும் மினுங்கிக்கொண்டிருந்தன. “இத போலீசுல காமிச்சுட்டு வாரேன்க்கா” என்று மட்டும் பாலம்மாக்காவிடம் சொன்னார்.

குற்றாலத்திலிருந்து தென்காசி ஐந்து கிலோமீட்டர்தான். சீசன் வெள்ளிக்கிழமையில் அது வேறு கணக்கு. வேன், கார், எண்ணெய் தேய்த்த உடம்போடு ரோட்டைக் கடக்கிற ஆட்கள், ரம்புட்டான் வண்டி. கால் மணி நேரத்தில் நூறு மீட்டர் நகர்ந்தோம். போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர் பைக்குள் மினுங்குவதைக் கண்டு கையைக் காட்டி நிறுத்தினார்.

“என்ன அது?”

“ரவுட்டரு சார்.”

“எதுக்கு மினுக்குது?”

“மினுக்குதத நிறுத்தினா ஒரு பையனுக்குக் கேடு சார். ஸ்டேசனுக்குத்தான் போறோம்.”

போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். “சந்தனம் குங்குமம்லாம் வச்சிருக்கு?”

“ஆயுத பூஜைக்கு வச்சது.”

இப்படி ஒரு பதிலைச் சொல்லுகிறவன் வெடிகுண்டு கொண்டுபோக மாட்டான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு வேன்களை நிறுத்தி எங்களை முன்னால் விட்டார்.

ஸ்டேஷனில் பெஞ்சின் ஓரத்தில் விஜய்பாண்டி உட்கார்ந்திருந்தான். நான்கு நாளில் முகம் பாதியாகியிருந்தது. இராமலட்சுமி பையைப் பார்த்து ஒரு விநாடி திகைத்தார். பிறகு உடனே ஆளைக் கூப்பிட்டார். தொழில்நுட்ப ஆள் லேப்டாப்பை மாட்டி, பட்டியலைப் பிரதி எடுத்து, நேரத்தையெல்லாம் ஒத்துப் பார்த்து முடிக்க அரை மணி ஆனது. “வெளியாள்தான் மேடம். பையன் இல்லை” என்றார். விஜய்பாண்டி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் இராமலட்சுமிக்கு ஒன்று எழுதி வாங்க வேண்டியிருந்தது, இந்தப் பெட்டி எப்படி ஓட்டையோடு இருந்தது என்று.

“தானா அப்டேட் ஆகறதை ஆஃப் பண்ணினது யாரு?”

“நாந்தாம்மா.”

“லாட்ஜ்காரங்க சொல்லி ஆஃப் பண்ணீங்களா?”

“இல்லம்மா. நானாத்தான்.”

“அவங்ககிட்ட சொல்லவாவது சொன்னீங்களா?”

கம்பெனிக்காரன் கேட்காமல் கை வைத்தான் என்று மூன்று வருஷமாக ஊரெல்லாம் கத்தியவர் அண்ணாச்சி.

“சொல்லலம்மா. கேக்கணும்னே தோணல. எம் பொட்டின்னு நெனச்சுட்டேன்.”

பாலம்மாக்கா ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்து கதவருகே நின்றிருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“அது எங்க வீட்டுப் பொட்டி சுந்தரபாண்டி” என்றார். சத்தமே போடவில்லை.

அண்ணாச்சி பேப்பரை வாங்கி, தன் கையாலேயே எழுதினார். ஒரு பக்கம் எழுத முக்கால் மணி நேரம். ஆஃப் செய்தது, வழி திறந்தது, எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்தது, எதையும் யாரிடமும் கேட்காதது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டபோது மேசை மேல் யு.பி.எஸ். தீர்ந்து பெட்டி அணைந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

விஜய்பாண்டியின் போனும் லேப்டாப்பும் அடுத்த வாரம் திரும்பி வந்தன. சான்றிதழும் வந்தது. அண்ணாச்சிக்குக் கம்பெனிக் கடிதம் வந்தது, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இணைப்புகள் வேறு ஏஜென்டிடம் போகும் என்று. நான் ஆறுதல் சொல்லப் போனேன். வீட்டில் ஆள் இல்லை. மனுஷன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பியிருந்தார்.

மீதமிருந்த பதினெட்டு நாளும் அதைத்தான் செய்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓட்டையை அடைத்து, தனிப் பாஸ்வேர்ட் வைத்து, கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றினார். பிறகு வீட்டுக்காரரை உட்காரவைத்து இரண்டு பக்கத்தையும் சொல்லி, “இது தானா மாத்திக்கிடட்டுமா, இல்ல நீங்களே பாத்துக்கிடுதியளா?” என்று கேட்டார். சொன்ன பதிலை நோட்டில் எழுதிக்கொண்டார். யாரும் இதற்குக் கூலி தரவில்லை.

ரிட்டயர்டு தாசில்தார் ஹரிஹரசுப்பிரமணியன் ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை நடத்திவிட்டு, பெண்டாட்டி ருக்மிணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மெயின் அருவிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் முகம்மது மீரான், தானாகவே மாறட்டும், ஆனால் சீசன் சனி ஞாயிறில் தொட்டால் வெட்டுவேன் என்றார். வெட்டு யாருக்கு என்று சொல்லவில்லை. ஒரு லாட்ஜ்காரர், மூன்று சீசனுக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமையை மறக்காதவர், வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொன்னார். அண்ணாச்சி அவரிடம் வாதாடவில்லை. மாதம் ஒரு தடவை நீங்களே இந்த இடத்தை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, அவர் கையாலேயே மூன்று முறை அமுக்கவைத்துவிட்டு வந்தார்.

பாலம்மாக்கா யோசிக்கவே இல்லை. “தானா மாத்திக்கிடட்டும். ஆனா மாத்துனா எம் போனுக்கு ஒரு சேதி வரணும்” என்றாராம். அதற்கும் பெட்டியில் ஒரு வசதி இருந்தது. நாங்கள் இரண்டு மேதைகளும் அதுவரை அதைத் தேடிப் பார்த்ததே இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நோட்டில் கடைசி வரி நான்தான். தண்ணீர் குடித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“ஒன் வீட்டுக்கு என்ன பாப்பா? ஆனா, ஆஃபா?”

“ஆன்தான் அண்ணாச்சி. நானே எப்பவோ போட்டுட்டேன்.”

“எப்ப?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து வரவில்லை.

“நவம்பர்ல. அந்த ஓட்டையைப் பத்தி எங்க ஆபீஸ்ல மெயில் வந்துச்சு. அன்னைக்கே நம்ம வீட்டுப் பெட்டியை மட்டும் சரி பண்ணிட்டேன்.”

பேனா நின்றது.

“நவம்பர்லயே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா பாப்பா?”

“நீங்க என்னை அப்படிப் பேசிட்டீங்களேன்னு கோபத்துல இருந்தேன்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்று என் காதுக்கே கேட்டது. அவமானமாக இருந்தது. அண்ணாச்சி என் பெயருக்கு நேரே ‘ஆன்’ என்று எழுதி, நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“நாலு நாளு அந்தப் பெஞ்சுலயே இருந்தாம்லா அந்தப் பய” என்றார். குரலில் கோபம் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவனை அங்கே உட்காரவைத்தது அவர் ஒருவர் இல்லை. அவர் தன் பங்கை ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இங்கே நான் எழுதியிருக்கும் இது என் பங்கு.